டர்போ காரை எந்தப் பிரிவில் பதிவது?

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றைப் பழைய காராக வாங்கிய மாதமே ஆட்டோகிராஸுக்குக் கொண்டுபோனேன். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கார் பந்தய அமைப்பு நடத்தும் சோலோ பந்தயம் அது. பரந்த தார்த்தளத்தில் கூம்புகளை வைத்துப் பாதை அமைப்பார்கள். ஓட்டம் ஒரு நிமிடம்தான், கூம்பு சாய்ந்தால் 2 விநாடி தண்டனை. கியர் மாற்றும்போதெல்லாம் என் காரிலிருந்து 'புஸ்' என்று காற்று சீறியது. அதைக் கேட்டு வந்த மூத்த போட்டியாளர் ஒருவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, டர்போவின் மிகுதிக் காற்றை வெளியேற்றும் வால்வைத் தொட்டுக் காட்டினார். "இது கம்பெனி வால்வு இல்லையே, ஸ்ட்ரீட் பிரிவில் எப்படிப் பதிந்தீர்கள்?" அன்று மாலை கணினியை இணைத்துப் பார்த்தால், முந்தைய உரிமையாளர் பூஸ்ட்டையும், அதாவது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தையும், ஏற்றிவைத்திருந்தார்.

காரில் எவ்வளவு மாற்றம் செய்திருக்கிறது என்பதை வைத்தே பிரிவு. என் முன்னால் இருந்தவை மூன்று வழிகள்: எல்லாவற்றையும் பழையபடி மாற்றி ஸ்ட்ரீட், ஓரளவு மாற்றங்களோடு ஸ்ட்ரீட் டூரிங், அப்படியே விட்டு ஸ்ட்ரீட் மாடிஃபைடு. நான் ஸ்ட்ரீட்டைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதையே சொல்வேன்.

டயர், ஷாக் அப்சார்பர், பிரேக் பேடு பற்றியெல்லாம் அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்ட்ரீட்டில் அவற்றை மாற்றலாம். டயரின் தேய்மான எண் (குறையக் குறைய ரப்பர் மென்மையாகி, பிடிப்பு கூடும்) 200-க்குக் குறையக் கூடாது, சக்கர அகலம் கம்பெனி அளவே. ஸ்ட்ரீட் டூரிங்கிலும் அதே 200 டயர்தான், கூடவே ஸ்பிரிங், அகலமான சக்கரம், முன்சக்கரத்தின் மேல்பகுதியை உள்பக்கம் சாய்க்கும் முன்சக்கரச் சாய்வு (கேம்பர்) எல்லாவற்றையும் மாற்றலாம்.

டர்போ காருக்குத் தீர்ப்பு எழுதுவது பூஸ்ட். விதிப்புத்தகத்தில் அனுமதி என்று எழுதாத எதையும் தொடக் கூடாது என்பதே அடிப்படை. ஸ்ட்ரீட்டில் இசியு எனும் எஞ்சின் கணினியின் மென்பொருளையே தொட முடியாது. ஸ்ட்ரீட் டூரிங்கில் அதை மாற்றலாம், ஆனால் பூஸ்ட்டை நேரடியாக ஏற்றக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். கடையில் 'ஸ்டேஜ் 1' என்று விற்கும் மென்பொருள் பெரும்பாலும் பூஸ்ட்டைத்தான் ஏற்றுகிறது. சில நூறு டாலரில் முடிந்த அந்த ஒரு வேலை இரண்டு பிரிவுகளின் கதவையும் ஒருசேர அடைத்துவிடும். பிறகு பெரும்பாலும் போய் நிற்பது ஸ்ட்ரீட் மாடிஃபைடில். அங்கே பெரிய டர்போ பொருத்தியவர், அதே நிறுவனத்தின் வேறு எஞ்சினையே இறக்கியவர், ஒட்டும் பந்தய டயர் போட்டவர் எல்லோரும் எதிரில் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் ஸ்டேஜ் 1 தரும் கூடுதல் குதிரைத்திறன் எம்மாத்திரம்? நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கம்பெனி வால்வையும் மென்பொருளையும் திரும்பப் போட்டேன். நேர்கோட்டில் கார் மந்தமானது உண்மை. ஆனால் தோற்றால் அது என் கையின் பிழை என்று தெரிகிறது. அதைத் திருத்த முடிகிறது.

ஸ்ட்ரீட் மாடிஃபைடு காரில் நண்பருடன் ஒரே ஒருநாள் ஓட்டியிருக்கிறேன். அசுர வேகம். ஆனால் ஒருநாள் அனுபவத்தை வைத்து அந்தப் பிரிவை எடைபோட மாட்டேன்.

ஸ்ட்ரீட் டூரிங்கிடம் ஸ்ட்ரீட் தோற்கும் இடம் ஒன்று உண்டு. முன்சக்கரச் சாய்வு கம்பெனி விட்ட அளவோடு நின்றுவிடுவதால், முன் டயரின் வெளி விளிம்பு கொத்துக்கொத்தாகப் பிய்கிறது. உள்பக்கம் புதிதாக இருக்கும்போதே டயரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அது பொறுக்காதவர்கள், பூஸ்ட்டைத் தொடாமல், ஸ்ட்ரீட் டூரிங்குக்குப் போகலாம்.