பனிக்கே தாங்குதாம், மழைக்குத் தாங்காதா?

தீபாவளிக்கு மாண்ட்ரியலிலிருந்து மலேசியாவில் என் ஊரான சுங்கை சிப்புட் போயிருந்தேன். அடையாள அட்டை, வங்கி வேலையெல்லாம் ஒரே காலையில் முடிந்தது, அதை விடுங்கள். என் வயிறு எரிந்தது டயரால்.

கோலகங்சாரில் 1877-இல் நட்டதாகச் சொல்லும் ரப்பர் மரத்தை மகனுக்குக் காட்டிவிட்டு, மாமாவின் பழைய மைவி காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நாலரை மணி மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வளைவில் தேங்கிய தண்ணீரில் ஏறியதும் ஸ்டீயரிங் பஞ்சாகிவிட்டது. வண்டி தன் போக்கில் வழுக்கி, செம்பனை ஓரத்துக் கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இறங்கிப் பார்த்தால், டயர் வரிகளுக்குள் தேய்மானம் காட்ட வைத்திருக்கும் 1.6 மில்லிமீட்டர் மேடும் டயரின் மேல்பரப்பும் ஒரே மட்டமாகிவிட்டன. பக்கவாட்டில் 2314 என்று இருந்தது: 2014-இன் 23-வது வாரம் செய்த டயர்! வீட்டில் கேட்டால், "ஓடுதில்ல? அப்புறம் என்ன?" என்கிறார் மாமா.

மறுநாள் டவுனில் ஒரு டயர் கடைக்குத் தம்பியோடு போனேன். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறிய வாடை, தோட்டத்தில் உறைந்த ரப்பர் பாலைச் சேர்த்து வைக்கும் ஒட்டுப்பால் ஸ்டோர் வாடைக்குத் தூரத்துச் சொந்தம். அம்மா பால் வெட்டப் போகுமுன் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு இருட்டோடு கிளம்பிய நாளெல்லாம் ஞாபகம் வந்து ஒரு நிமிடம் தொண்டை அடைத்தது. ஒரு நிமிடம்தான்.

"175/65, 14 இன்ச்சு, மழைக்கு நல்லதா வேணும்" என்று கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது தம்பிக்கு. "வெளிநாட்டுச் சாமான் தம்பி, ஒண்ணு 90 வெள்ளி. புங்கா பாருங்க, எவ்வளவு தடிப்பு!" டயர் வரிக்கு அங்கே புங்காதான் பேர், பூ என்று அர்த்தம். குனிந்து பார்த்தேன். மூன்று முகடுள்ள மலை, நடுவில் ஒரு பனித்துகள். இந்த முத்திரையை நான் வருஷம் தவறாமல் பார்க்கிறவள். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடாமல் ஓட்டினால் குறைந்தது 200 டாலர் அபராதம்.

"அண்ணே, இது ஸ்நோ டயர்."

"அதானே சொல்றேன்? பனிக்கே தாங்குது, மழைக்குத் தாங்காதா?"

தம்பியும் தலையாட்டினான், பாவி.

7 டிகிரிக்குக் கீழே விறைக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ரப்பரை மெத்தென்று செய்கிறார்கள். பனியைக் கவ்வ, கட்டை கட்டையாக இருக்கும் பூவில் மயிரிழைக் கீறல்கள் வேறு. 33 டிகிரி வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் அது அழிரப்பர் மாதிரி தேயும். பிரேக் போட்டால் கட்டைகள் வளைந்து கொடுக்கும், வண்டி நிற்க இன்னும் தூரம் பிடிக்கும். நம்ம ஊர் மழைக்கு வேண்டியது தண்ணீரை வெளியே தள்ளுகிற ஆழமான வாய்க்கால் வரி, சூட்டிலும் ஈரத்திலும் பிடிக்கிற ரப்பர். இவ்வளவையும் சொன்னேன். அவர் காது குடைந்துகொண்டிருந்தார்.

"சரி, ரெண்டு மட்டும் புதுசு போட்டுக்குங்க. முன்னாடி. எஞ்சின் முன்னாடிதானே இருக்கு?"

அதுவும் தப்பு. முன்சக்கரம் வழுக்கினால் முந்தின நாள் போல ஸ்டீயரிங் சொல்லிவிடும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பும். மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றே விடும். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதுசு பின்னால்தான் போக வேண்டும். முன்னால் கிடப்பதோ மொட்டை. அதனால் எனக்கு நாலும் வேண்டும். கும்பிடு போட்டு வெளியே வந்தேன்.

அடுத்த நாள் ஈப்போவில் ஒரு பையன், நான் கேட்கும் முன்பே டயரைச் சாய்த்து, "அக்கா, தேதி பாத்துக்குங்க, இந்த வருஷம்" என்றான். அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன். ஒன்று 185 வெள்ளி, பேலன்சிங் சேர்த்து. ஐஸ் மைலோ குடித்து முடிப்பதற்குள் நாலும் மாட்டியாகிவிட்டது. மாண்ட்ரியலில் நவம்பர் கடைசியில் டயர் மாற்ற நாள் வாங்குவது தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பார்க்கிங் தேடுவது மாதிரி.

"முப்பது வருஷம் பால் வெட்டினேன், ஒரு டயரு 185 வெள்ளியா?" என்று அம்மா ரெண்டு நாள் புலம்பினார். பழைய நாலையும் கடையிலேயே விட்டுவிட்டு வர மாமா சம்மதிக்கவில்லை. கொசு வரும் என்று நான் கத்தியதும், அம்மா ஒன்றில் மண்ணைக் கொட்டி மஞ்சள் நட்டுவிட்டார். மீதி மூன்றையும் மாமா எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை.