இங்கிலாந்தில் உளவளத்துணைப் படிப்பு: கிளிநொச்சியிலிருந்து ஒரு மதிப்பீடு

உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், படிக்க இங்கிலாந்துக்குப் போகலாமா என்று கேட்டு மாதத்தில் இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள். எல்லோரும் உளசமூகப் பணியில் இருக்கும் பிள்ளைகள். போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் பரந்தன் காணியை ஈடு வைத்துப் போன ஒருத்தியின் கணக்கையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் முகவர் காட்டிய கையேட்டில் ‘உளவளத்துணை முதுகலை, ஓராண்டு’ என்றிருந்தது. அது உளவளத்துணையைப் பற்றிய படிப்பு, உளவளத்துணையாளராக்கும் படிப்பு அல்ல என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. களப்பயிற்சியே இல்லை. பிரித்தானியாவில் ‘உளவளத்துணையாளர்’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடையாது, யாரும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே அங்குள்ள தொழில்சார் சங்கமான பிஏசிபி அங்கீகரித்த படிப்பா என்று பார்க்க வேண்டும். அப்படியான படிப்பில், மேற்பார்வையுடன் குறைந்தது 100 மணி நேரம் துணைநாடிகளோடு, அதாவது உதவி தேடி வருபவர்களோடு, அமர்ந்தாக வேண்டும். எனக்கு அதில் பாதி கூடக் கிடைக்கவில்லை. கிடைத்ததும், தமிழ் முதியவர்கள் கூடும் ஒரு தொண்டு அமைப்பில் நானே கெஞ்சிப் பெற்றதுதான்.

வகுப்பு மிக நன்று. மூவர் மூவராக அமர்வோம்: ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிப்பார். முதல் நாள் பத்து நிமிடத்தில் நான் ஏழு முறை ஆறுதல் சொன்னதாகக் கவனித்தவர் எண்ணிச் சொன்னார். அழாதீர்கள், கடவுள் இருக்கிறார் என்று சொல்லியே பழகிய எனக்கு, உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன நிபந்தனையற்ற ஏற்பு என்பது வாயை மூடுவதில் தொடங்குகிறது என்று அன்றுதான் விளங்கியது. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தை மட்டும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கடந்த இரண்டு வாரம் தூக்கம் எப்படி என்று கேட்கிறது. யானைக் காவலுக்கு வயலில் விழித்திருக்கும் மனிதருக்கு அதில் எந்தப் புள்ளியைப் போடுவது?

புதுக்குடியிருப்பில் ஓர் அம்மா இருக்கிறார். 2009இல் காணாமல் போன மகனின் சைக்கிள் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. யாரும் ஓட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு சக்கரத்துக்கும் காற்றடிப்பார். நான் இங்கிலாந்து போவதற்கு முன், இழப்பை ஏற்க வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், நானும் முயன்றேன். “ஏற்றுக்கொண்டால் அவனை நான் கொன்றதாகிவிடும், பிள்ளை” என்றார். அதற்குமேல் நான் அந்தப் படலையைத் திறக்கவில்லை.

பொலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்ற இழப்புக்கு முடிவு தேடச் சொல்லாதே, இருக்கிறான், இல்லாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் சேர்த்துப் பிடித்து வாழத் துணை நில் என்கிறார். அவர் கருத்தைப் பற்றி வகுப்பில் கேட்ட அந்த ஒரு விரிவுரைக்காக என் காணியை இன்னொரு முறையும் ஈடு வைப்பேன்.

அதைவிடப் பெரியது மேற்பார்வை. அங்கீகாரம் பெற்றவர்கள் அங்கே மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பார்வையாளர் முன் அமர்ந்து தம் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். சைக்கிள் கதையைச் சொன்னேன். கேட்டிருந்த என் மேற்பார்வையாளர், ஒரு மூதாட்டி, “நீங்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?” என்றார். என் தம்பியின் பெயரைப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அறையில்தான் வாய்விட்டுச் சொன்னேன். இங்கே எட்டு ஆண்டுகள் வேலை செய்தபோது என்னிடம் கேட்டதெல்லாம் மாத அறிக்கையும் பயனாளிகளின் எண்ணிக்கையும்தான்.

திரும்பி வந்ததும் அந்த அம்மாவிடம் போனேன். “இந்தக் கிழமை எந்தச் சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது, அம்மா?” என்று மட்டும் கேட்டேன். பின்சக்கரம் என்றார். பிறகு பொழுதுபடும்வரை மகனைப் பற்றிப் பேசினார்.

போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன், களப்பயிற்சி எத்தனை மணி, மேற்பார்வையை யார் தருவார் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படித்து வந்தபின் மாங்குளத்துக்கு வாருங்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை நாங்கள் நால்வர் அங்கே கூடி ஒருவரையொருவர் கேட்கிறோம். இன்னும் இடம் இருக்கிறது.