"எல்லாத்துலயும் ஓடும்ணே" என்றார், எதிலும் ஓடவில்லை

போன மாதம் பாண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 9,500 ரூபாயைத் தொலைத்தேன். கூடவே இருபது டாலரும் போனது, அந்தக் கதை பின்னால் வருகிறது. கடையின் பெயரைப் போடப்போவதில்லை. ஃபிளைட் சிமுலேட்டருக்காக, அதாவது கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மென்பொருளுக்காக, சிஸ்டம் வாங்க யாராவது கிளம்பிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். பதினைந்து வருடமாக எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய சிமுலேட்டரைத்தான் ஓட்டிவந்தேன். 2006இல் மைக்ரோசாஃப்ட் விட்டது. 32 பிட் என்ற பழைய வகை நிரல் என்பதால் எத்தனை ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்கு எட்டாது. கனமான விமானம், பெரிய ஏர்போர்ட், கூடவே மழைமேகம் என்று மூன்றும் சேர்ந்தால் போச்சு. இரண்டு மணி நேரம் ஒழுங்காகப் பறந்துவிட்டு, மீனம்பாக்கம் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் மெமரி தீர்ந்தது என்று சொல்லிப் படுத்துவிடும். சரி, மாறிவிடலாம் என்று கிளம்பினேன்.

என் ஒரே கவலை, வருடக்கணக்கில் காசு கொடுத்துச் சேர்த்த ஆட்-ஆன்கள், அதாவது தனியாக வாங்கிச் சேர்க்கும் விமானங்களும் ஏர்போர்ட்டுகளும். அவை புதியதில் ஓடுமா? கடைத் தம்பியிடம் இதைத்தான் முதலில் கேட்டேன்.

"அண்ணே, எல்லாமே ஃபிளைட் சிமுலேட்டர்தானே? எல்லாத்துலயும் ஓடும்ணே. காப்பி பண்ணிப் போட்டா போதும்."

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பெரிய திரையில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020ஐ ஓடவிட்டார். கடற்கரைச் சாலை மேலே பறந்து, லாஸ்பேட்டை ஓடுபாதையை நோக்கித் திரும்பினார். நம்ம ஊரை மேலேயிருந்து பார்த்ததும் புத்தி வேலை செய்யவில்லை. சிஸ்டத்துக்குத் தனி விலை, அதில் எனக்குக் குறை இல்லை. அதற்கு மேல் 'ஃபுல் பேக்கேஜ்' என்று 9,500. அதில் 2020 சிமுலேட்டர், அப்புறம் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய 300 விமானம், இந்தியா முழுக்க ஏர்போர்ட். இந்த விலைக்கு இதெல்லாம் நேர்வழியில் வந்திருக்காது என்று அப்போதே தோன்றியது. ஆசை வாயைக் கட்டிவிட்டது, என் தப்பு அது.

வீட்டுக்கு வந்து, அவர் சொன்னபடி, வெளி ஆட்-ஆன்களைப் போடும் கம்யூனிட்டி ஃபோல்டரில் இருபது விமானங்களைப் போட்டேன். சிமுலேட்டர் திறந்தது, ஒரு விமானம்கூடப் பட்டியலில் வரவில்லை. ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2020க்கான ஆட்-ஆன் என்றால் உள்ளே மேனிஃபெஸ்ட், லேஅவுட் என்று இரண்டு ஜேசன் கோப்புகள் இருக்க வேண்டும். அவை இல்லாத ஃபோல்டரை அது எட்டிக்கூடப் பார்க்காது. என் டிஸ்க்கில் இருந்தவற்றில் பாதி, ஜிஏயு என்று முடியும் கோப்புகளோடு இருந்தன. அது எஃப்எஸ்எக்ஸ் காலத்து மீட்டர் முள்களுக்கான 32 பிட் நிரல். மீதியில் ஏசிஎஃப் என்று முடியும் கோப்புகள். அது எக்ஸ்-பிளேன் என்ற வேறொரு சிமுலேட்டருடையது, மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. ரயில் சக்கரத்தை லாரியில் மாட்டச் சொன்ன மாதிரி.

பழைய விமானங்களைத் தட்டிக்கொட்டி 2020க்குள் நுழைப்பவர்கள் உண்டு. வெளியே பார்க்க விமானம் வந்துவிடும், காக்பிட்டில் பல முள்கள் செத்துக் கிடக்கும். லாக்ஹீட் மார்ட்டினின் பிரிபேர்டு என்ற சிமுலேட்டர், எஃப்எஸ்எக்ஸின் வம்சம்தான். ஆனால் 2017இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து அதுவும் 64 பிட் ஆகிவிட்டதால் பழைய 32 பிட் மீட்டர்கள் அங்கேயும் ஏறாது. ஏர்போர்ட் காட்சிகள் மட்டும் பல சமயம் தப்பிக்கும். என் பழைய ஆட்-ஆன்களுக்கு அங்கேதான் கொஞ்சம் வாழ்வு இருந்திருக்கும். கடையில் அந்தப் பெயரையே யாரும் எடுக்கவில்லை.

இனி அந்த இருபது டாலர். புதுச்சேரி ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான், அங்கே வருவது ஏடிஆர் என்ற சின்ன பயணிகள் விமானம். டிஸ்க்கில் இருந்தது எதுவும் ஓடாததால், சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் மார்க்கெட்பிளேஸ் கடையில் ஏடிஆரை என் கார்டு போட்டு வாங்கினேன். அருமையான விமானம், மூன்று நாள் சந்தோஷமாக இறக்கினேன். நான்காம் நாள் வேறு கணினியில் இந்த அக்கவுண்ட் பயன்பாட்டில் இருக்கிறது என்று வெளியே தள்ளியது. அடுத்த வாரம் பாஸ்வேர்டே மாறிவிட்டது. சிமுலேட்டரைத் திறக்கக் கடைக்காரர் தந்த அக்கவுண்டின் மெயில் ஐடி என் பெயரில் இல்லை, ஒரே அக்கவுண்டைப் பலருக்கு விற்றிருக்கிறார். மார்க்கெட்பிளேஸில் வாங்குவது அக்கவுண்டோடு ஒட்டிக்கொண்டது. என் காசில் வாங்கிய ஏடிஆரை இப்போது யாரோ ஓட்டுகிறார்.

திரும்பப் போய்க் கேட்டேன். "சாஃப்ட்வேருக்கு வாரண்டி கிடையாதுண்ணே" என்றார் தம்பி. அவர் முதலாளி தலையே நிமிரவில்லை. பில்லை எடுத்துக் காட்டலாம் என்று பார்த்தால், அதில் 'கம்ப்யூட்டர் செட் 1' என்று ஒரே வரி. பேக்கேஜ் என்ற சொல்லே இல்லை.

அதனால் வாங்கும்போது எந்த சிமுலேட்டர், எந்தப் பதிப்பு, யார் பெயரில் அக்கவுண்ட் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கிளம்பிவிடுங்கள். அக்கவுண்டை உங்கள் மெயிலில் நீங்களே திறந்து, வீட்டில் உட்கார்ந்து வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸில் ஓட்டப் போகிறவர்களுக்குக் கம்யூனிட்டி ஃபோல்டரே கிடையாது, மார்க்கெட்பிளேஸ் மட்டும்தான். 2024 பதிப்பு எடுப்பதாக இருந்தால் முதலில் உங்கள் தெரு நெட்டைப் பாருங்கள். காட்சிகளைப் பறக்கும்போதே நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும், அதற்கு 50 எம்பிபிஎஸ் வேண்டும் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன், புகார் எண் வந்துவிட்டது. அங்கே தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். கடை பாண்டியில் இருந்தாலும், 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. கார்டு ஸ்டேட்மெண்ட், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய 'ஃபுல் பேக்கேஜ் 9500' என்ற செய்தி இரண்டையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு எக்ஸ்-பிளேன் 12இன் இலவச டெமோ. அந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் சிஸ்டத்தில் மாட்டுவதில்லை, அதற்குள் வேறு என்னென்ன ஒளிந்திருக்கிறதோ.