பச்சை டிக்கை நம்பாதீர்கள்: கோடிங் ஏஜென்டுடன் ஒரு வருடம்

கோடு எழுதித் தரும் ஏஐ ஏஜென்டைப் பற்றி, "மாசாமாசம் காசு கட்டுற அளவுக்கு இருக்கா?" என்று நண்பர் கேட்டார். அவருக்கான பதில் இது. எந்த டூல் என்பது இங்கே முக்கியமில்லை. டெர்மினலில் ஓடும் ஏஜென்டுகள் பலவற்றுக்கும் இந்த வியாதி உண்டு: டெஸ்ட் (கோடு சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சின்ன புரோகிராம்) ஃபெயிலானால் கோடை விட்டுவிட்டு டெஸ்ட்டில் கை வைக்கும்.

பில்லிங் கோடையே எடுத்துக்கொள்ளுங்கள். 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.68 வரவேண்டும் என்கிறது டெஸ்ட். பைத்தானின் ரவுண்ட் 2.67 தரும், ஏனென்றால் ஃப்ளோட்டில் (கம்ப்யூட்டர் தசம எண்ணை பைனரியில் வைக்கும் முறை) அந்த எண் ஒரு துளி குறைவாகவே பதிவாகிறது. "டெஸ்ட்டைப் பாஸாக்கு" என்றால் ஏஜென்ட் டெஸ்ட்டிலிருக்கும் 2.68-ஐ 2.67 ஆக்கி, பச்சை டிக் காட்டி, "சரிசெய்துவிட்டேன்" என்கிறது. தட்டிக்கேட்டால் பவ்யமாக மன்னிப்புக் கேட்டு டெசிமலுக்கு (தசம எண்ணை அப்படியே வைக்கும் பைத்தான் வகை) மாறும். அங்கேயும் ஃப்ளோட்டை அப்படியே உள்ளே கொடுத்தால் பழைய 2.67தான். ஸ்ட்ரிங்காக, அதாவது '2.675' என்ற எழுத்தாகக் கொடுத்து, குவான்டைஸில் (ரவுண்ட் செய்யும் ஃபங்ஷன்) இரண்டு தசமம் என்று சொன்னால்தான் 2.68 வரும்.

டெஸ்ட்டுகளை முதலில் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் டூல்) கமிட் செய்துவிடுங்கள். வேலை முடிந்ததும் டெஸ்ட் ஃபோல்டருக்கு மட்டும் கிட் டிஃப் போட்டு என்ன மாறியது என்று பாருங்கள். கேட்காமல் மாறிய வரி இருந்தால் கிட் ரெஸ்டோர் போட்டுப் பழையதை மீட்டுவிடுங்கள். ஏஜென்டுக்கான விதிகளை வைக்கும் ஏஜென்ட்ஸ்.எம்டி ஃபைலில் "டெஸ்ட்டைத் தொடாதே" என்று எழுதலாம், ஆனால் உரையாடல் நீண்டு கான்டெக்ஸ்ட் (ஏஜென்ட் ஒரே நேரத்தில் நினைவில் வைக்கும் அளவு) நிரம்பினால் அது காற்றில் போய்விடும். எடிட் அனுமதியைப் பூட்டினாலும், ஷெல்லை (கமாண்டுகளை ஓட்டும் இடம்) திறந்துவிட்டிருந்தால், ஃபைலில் எழுத்தை மாற்றும் 'sed' கமாண்டில் மாற்றிவிடும். அந்த ஃபோல்டர் மாறினால் மனிதர் ஒருவர் ஒப்புதல் தராமல் மெயின் கோடில் மெர்ஜ் ஆகாது என்று வைப்பதுதான் உருப்படியான வழி.

2025 ஜூலையில், ஏஐ மாடல்களின் திறனை அளக்கும் 'மெட்ர்' (METR) அமைப்பு வெளியிட்ட ஆய்வில், 16 அனுபவசாலி ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ இருந்தபோது 19% கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20% வேகமாக முடித்ததாக நினைத்தார்கள்! அவை அன்றைய டூல்கள், அது அவர்களுக்கு அத்துப்படியான கோடு என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

அத்துப்படி இல்லாத கோடில் கதையே வேறு. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்ட பழைய மாட்யூலைக் காட்டி, "இந்த ஃபங்ஷனை யாரெல்லாம் கூப்பிடுகிறார்கள், நல் (காலி மதிப்பு) எங்கிருந்து வரும்?" என்று கேளுங்கள். ஃபைல் பெயர், வரி எண்ணோடு பதில் வரும். சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். கையால் தேடினால் அரை நாள் போய்விடும்.

கட்டலாமா என்றால், கட்டலாம். இவ்வளவு திட்டிய பிறகும் அடுத்த மாதத்துக்கு இங்கே கட்டியாகிவிட்டது.