த்ரீ நாட் த்ரீ உடம்பில் 410 குழல்: இஷாப்பூர் மஸ்கட் வாங்கலாமா?

பழைய ராணுவ ரைபிள்களில் மாற்று வேலை செய்தவற்றை மட்டும் தேடித் தேடிச் சேர்க்கிற கூட்டம் ஒன்று உண்டு, நானும் அதில் ஒருத்தன். அசல் நிலையில் இருக்கிற லீ-என்ஃபீல்டையோ மவுசரையோ பார்த்தால் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றாது. யாராவது அதை அறுத்து, துளைத்து, வேறு ஏதோ தோட்டாவுக்குப் பழக்கி வைத்திருந்தால்தான் கை தானாக நீளும். அப்படிக் கைக்கு வந்ததுதான் இந்த 410 மஸ்கட் (410 என்பது பொடிக் குண்டுகளைச் சிதறடிக்கிற சாட்கனின் ஒரு துளை அளவு, 0.410 அங்குலம்). சில மாதங்கள் வைத்திருந்து, சுட்டும் பார்த்துவிட்டேன். யாருக்கு இது ஒத்துவரும், யாருக்கு வராது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்கு. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் எஸ்எம்எல்இ ரைபிளை (அதாவது குட்டைக் குழல் லீ-என்ஃபீல்ட், நம்மூர் த்ரீ நாட் த்ரீ) எடுத்து, 7.7 மி.மீ. குழலின் உள்ளே குண்டைச் சுழற்றி விடுகிற வரிப்பள்ளங்களை மொத்தமாகக் கடைந்து எடுத்து, ஏறக்குறைய 10.4 மி.மீ. வழவழப்பான துளையாக்கினார்கள். தோட்டாக்களை அடுக்கி வைக்கிற மேகசின் இருந்த குழியில் மரக்கட்டையை அடைத்தார்கள். ஆக, ஒரு தடவைக்கு ஒரே வேட்டு. போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுப்பதற்காகச் செய்தது. கலவரக் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிற காவலர் கையில் மைல் கணக்கில் பாயும் ரைபிள் எதற்கு? கணக்கு அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண த்ரீ நாட் த்ரீ மாதிரியேதான் இருக்கும். குழல் முனையை நேருக்கு நேர் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: அந்த மூக்குத் தகட்டுக்கு நடுவில் இவ்வளவு பெரிய ஓட்டையா என்று இருக்கும், சுற்றியுள்ள இரும்புச் சுவரும் மெலிந்து போயிருக்கும். என்னுடையதில் பின்பக்கக் குறியை மாற்றவே இல்லை, 2000 கஜம் வரைக்கும் எண் போட்டபடி அப்படியே நிற்கிறது. முப்பது கஜம் தாண்டினால் சிதறிப் போகிற பொடிக் குண்டுகளுக்கு 2000 கஜக் குறி! ஆனால் இந்த அபத்தத்துக்காகத்தான் இப்படிப்பட்ட துப்பாக்கியை வாங்குகிறோம், அதை மாற்றியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

போல்ட் பற்றி, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து பூட்டுகிற இரும்புத் தண்டு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாற்று வேலையின் கெட்டிக்காரத்தனம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. 303 தோட்டாவின் அடி விளிம்பு 0.540 அங்குலம், சாட்கன் 410 தோட்டாவின் விளிம்பு 0.535 அங்குலம். கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் போல்ட் முகத்திலும், காலிக்கூட்டை வெளியே இழுக்கிற கொக்கியான எக்ஸ்ட்ராக்டரிலும் பெரிதாகக் கை வைக்க வேண்டிய வேலையே இல்லை. லீ-என்ஃபீல்டின் அந்தக் குறுகிய, வழுக்கிக்கொண்டு போகிற இழுப்பு அப்படியே மிச்சம் இருக்கிறது. தோட்டாவை மரக்கட்டை மேல் போட்டுத் தள்ளினால் உள்ளே போகிறது, இழுத்தால் காலிக்கூடு வெளியே வந்து விழுகிறது. இதுவரை ஒன்று கூடச் சிக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் வேண்டுமென்றால், அமெரிக்காவில் பானர்மன் என்ற பழைய ராணுவச் சாமான் வியாபாரி விற்ற மோசின்-நாகன்ட் என்ற ரஷ்ய ராணுவ ரைபிள்களைப் பார்க்கலாம். ரஷ்யத் தோட்டா அடிப்பக்கம் பருமனானது, அதற்காகக் கடைந்த சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற அறை) அதைவிட மெல்லிய அடியுள்ள 30-06 என்ற அமெரிக்க ராணுவத் தோட்டாவைப் போட வைத்தார்கள். பின்பக்கம் தொளதொளவென்று இருக்கிற சேம்பரில் அவ்வளவு அழுத்தத்தோடு வெடித்தால் பித்தளைக் கூடு உப்பும், சில சமயம் கிழியும். சுவரில் மாட்டி வைக்கலாம், சுடவே கூடாது. அதனால்தான் இந்த மாதிரிப் பொருள் எதைப் பார்த்தாலும் மர வேலைப்பாட்டையும் பளபளப்பையும் நான் அப்புறம்தான் பார்ப்பேன். பழைய போல்ட்டும் பழைய சேம்பரும் புதுத் தோட்டாவை ஒழுங்காகப் பிடிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

சரி, குறைக்கு வருவோம். பெரிய குறை தோட்டாதான். இந்த மஸ்கட்டின் அசல் தோட்டா, 303 கூட்டையே கழுத்து இல்லாமல் நேராக்கிச் செய்தது. சாதாரண 410 சாட்கன் தோட்டா அதைவிட அடியில் கொஞ்சம் பருமன், எனவே கை வைக்காத சேம்பரில் அது முழுசாக உள்ளே போகாது. இதனாலேயே பல மஸ்கட்டுகளின் சேம்பரைப் பின்னாளில் யார் யாரோ கடைந்து பெரிதாக்கிவிட்டார்கள். எனக்கு விற்றவர் "தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது, யாரும் தொடவில்லை" என்று சத்தியம் செய்யாத குறை. கையோடு கொண்டு போயிருந்த 410 டம்மித் தோட்டாவை மெதுவாக விட்டேன், தடையே இல்லாமல் விளிம்பு வரைக்கும் இறங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் துப்பாக்கியைப் பார்த்தார். விலை அங்கேயே இறங்கியது. கடைந்த சேம்பர் சுடுவதற்கு வசதிதான், தோட்டா எங்கும் கிடைக்கும், ஆனால் சேகரிப்பவருக்கு அது அசல் அல்ல, அசலுக்கான விலையைக் கொடுக்கக் கூடாது. கடைந்தவர் ஒழுங்காகக் கடைந்தாரா என்பதையும் விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் சுட வேண்டும்.

சுடும்போது எப்படி? உதைப்பு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை, அவ்வளவு கனமான ரைபிளில் அவ்வளவு சின்னத் தோட்டா. டிரிகர் ராணுவ டிரிகர்தான், இரண்டு கட்டமாக இழுபடும். சாட்கன் என்று நினைத்து ஓடுகிற பறக்கிற எதையாவது குறிவைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும், முன்பாரம் அதற்கு இடம் கொடுக்காது. நின்று நிதானமாகத் தகர டப்பாவைச் சுடுவதற்குச் சுகமாக இருக்கிறது.

இதே குடும்பத்தில் வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு: டி லைல் கார்பைன் என்ற சத்தமில்லாத பிரிட்டிஷ் துப்பாக்கி என்றால் எல்லோருக்கும் ஆசை, 45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டா, தாம்ப்சன் சப்மெஷின் கன் குழல், கோல்ட் பிஸ்டல் மேகசின், எல்லாம் லீ-என்ஃபீல்ட் உடம்பில். மொத்தமே 130 வாக்கில்தான் செய்தார்கள், ஆகவே சந்தையில் கண்ணில் படுவது பெரும்பாலும் நகல். நியூசிலாந்தில் பிலிப் சார்ல்டன் பழைய லீ ரைபிள்களைத் தானியங்கியாக மாற்றினார், 1500 அளவில் செய்தவற்றில் பெரும்பகுதி போருக்குப் பிறகு கிடங்கில் பிடித்த தீயில் போய்விட்டது, மிச்சம் அருங்காட்சியகத்துக்கு. கைக்கு எட்டுகிற ஒன்று என்றால் ஆஸ்திரேலியாவின் 303/25. ராணுவத் தோட்டா போடுகிற துப்பாக்கிக்குத் தடை இருந்த இடத்தில், அதே 303 கூட்டின் கழுத்தை மட்டும் 0.25 அங்குலக் குண்டுக்குச் சுருக்கி, குழலை மாற்றிக்கொண்டார்கள். இந்தியாவின் 315 துளை அளவு ரைபிளும் அதே காரணத்தில் பிறந்ததுதான். இவற்றில் குழல் யார் செய்தது என்ற முத்திரை இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் பேரம் பேசுங்கள்.

மஸ்கட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஒரே ரைபிள் வாங்கப் போகிறவர் இதை வாங்க வேண்டாம், த்ரீ நாட் த்ரீயையே வாங்கட்டும். வாங்குவதற்கு முன் உங்கள் உரிமத்தில் இது ரைபிளா, சாட்கனா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வழவழத் துளைக்குப் பல நாடுகளில் தனி வகை. யாரும் தொடாத சேம்பர் கிடைத்தால் தயவுசெய்து கடையாதீர்கள், தோட்டா செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் 303 பித்தளைக் கூட்டிலிருந்தே அதற்கான கூட்டைச் செய்து தந்துவிடுவார்.