கைக்குழந்தையின் இடுப்புக்கு ‘பேக்கேஜ்’ என்றால் பணம் கட்டாதீர்கள்

கும்பகோணம், வலங்கைமான், பாபநாசம் பக்கம் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படித்துவிடுங்கள். குழந்தையின் தொடை சரியாக விரியவில்லை என்று போய் நின்றால், ஸ்கேன் எடுக்காமலேயே "தினமும் கூட்டிட்டு வாங்க, நீவிவிட்டு பெல்ட் போட்டா சரியாயிடும்" என்று முன்பணம் கேட்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில் நாங்கள் 18,000 ரூபாய் கட்டினோம். பணத்தை விடுங்கள், மகளுக்கு வீணாய்ப் போன மாதங்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மகள் கடைசி வரை தலை திரும்பாமல், சிசேரியனில் பிறந்தவள். முதல் குழந்தை, அதிலும் பெண் குழந்தை. இடுப்பு மூட்டு விலகல், அதாவது தொடை எலும்பின் பந்து முனை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் சரியாக உட்காராமல் இருப்பது, இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. தலை திரும்பாமல் பிறந்தாலே ஆறு வாரத்தில் இடுப்பை ஒரு ஸ்கேன் பார்த்துவிட வேண்டுமாம். எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கண்டுபிடித்தது என் அம்மா. காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, "இடது தொடை மட்டும் விரிய மாட்டேங்குதுடி" என்றார். தொடை மடிப்புகளும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. மடிப்பு மாறியிருப்பது நன்றாக இருக்கும் குழந்தைகளிடமும் உண்டு, அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் விரியவில்லை என்றால்தான் உடனே காட்ட வேண்டும்.

45 நாள் ஊசி முடிந்ததும், குழந்தை எலும்புச் சிகிச்சை என்று போர்டு வைத்திருந்த அந்த இடத்துக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் எக்ஸ்ரே. "லேசா விலகியிருக்கு, பேக்கேஜ் போட்டுக்கலாம்" என்றார்கள். அந்த வயதில் தொடை எலும்பின் பந்து முனை முழுக்கக் குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் அது தெரியாது. நான்கு மாதம் வரை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் சரி. இதெல்லாம் பிறகு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தினம் எக்ஸ்ரே எடுக்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

பேக்கேஜ் என்பது என்ன? எண்ணெய் தேய்த்து இரண்டு காலையும் நேராக இழுப்பார்கள். பிறகு பெரியவர்களின் முதுகுவலி பெல்ட்டை வெட்டித் தைத்தது போன்ற ஒன்றால் இரண்டு தொடைகளையும் சேர்த்துக் கட்டுவார்கள். குழந்தை வீறிட்டு அழும். "அழுதாத்தாம்மா மூட்டு இறங்கும்" என்பார் அங்கிருந்தவர். உண்மை நேர் எதிர். பந்து கிண்ணத்துக்குள் உட்கார வேண்டுமென்றால் கால் மடங்கி விரிந்திருக்க வேண்டும். நேராக நீட்டிக் கட்டினால் பந்து வெளியே நகரும். பலவந்தமாக இழுத்து வளைத்தால் பந்து முனைக்குப் போகும் ரத்த ஓட்டமே கெடலாம். நம் ஊரில் குழந்தையை இடுப்பில் கால் அகட்டி உட்கார வைத்துத் தூக்குகிறோமே, அது எவ்வளவோ மேல்!

முடிவில் இன்னொரு எக்ஸ்ரே, அதற்குத் தனிக் காசு, "முழுசா சரியாயிடுச்சு" என்று வாய்ச்சொல். படத்தைக் கேட்டால் "எங்க ரெக்கார்டுக்கு வேணும்" என்று கொடுக்கவில்லை. ரசீது என்று தந்தது முத்திரை இல்லாத துண்டுச்சீட்டு.

எங்கள் கிராம செவிலியர் காலைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூர் போய்த்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் இடுப்பு மூட்டு விலகலும் இருக்கிறது, அந்த வழியில் பார்த்தால் செலவில்லை. தஞ்சாவூரில் எடுத்த ஸ்கேனில் பந்து கிண்ணத்துக்கு வெளியே நின்றது. உடனே பாவ்லிக் வார் மாட்டினார்கள். தோளிலிருந்து பாதம் வரை வார், கால் இரண்டும் தவளைபோல் மடங்கி விரிந்திருக்கும். கிட்டத்தட்ட நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும், வாரம் ஒருமுறை காட்டிச் சரிசெய்ய வேண்டும். இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு முன் தொடங்கினால்தான் பலன் தரும். தாண்டிவிட்டால் மயக்கம் கொடுத்து மூட்டைப் பொருத்தி, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு. நடக்கிற வயதில் தெரிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன். மகளுக்கு ஆறு மாதம் நெருங்கும்போதுதான் வார் ஏறியது. இப்போது பந்து மெல்ல உள்ளே வருகிறதாம். மாவுக்கட்டு தேவைப்படுமா என்பதை அடுத்த ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "தெரபிக்கு கேரண்டி கிடையாது" என்றார்கள். சரி என்று மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் மனு கொடுத்திருக்கிறோம். தனியார் கிளினிக்குகளுக்குப் பதிவு வழங்குவது அவர்தான், பதிவு எண்ணையும் கேட்டிருக்கிறோம். அடுத்து நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஜிபேயில் அனுப்பியதால் எங்களிடம் ஓர் ஆதாரமாவது இருக்கிறது. அதே நாட்களில் திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பமும் ஆண் குழந்தையோடு அங்கே வந்துகொண்டிருந்தது, ரொக்கமாகத்தான் கட்டினார்கள். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். புகாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்தக் குழந்தையைத் தஞ்சாவூர் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.