வேலிக்கு எது: ராபினியாவா, கிளைரிசிடியாவா, அகத்தியா?

பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களில் சிலருக்கு இப்போது ராபினியா மோகம். அமெரிக்காக்காரர்கள் பிளாக் லோகஸ்ட் என்று சொல்வார்களே, அந்த மரம்தான். வேலிக்கால் மண்ணுக்குள் பல வருஷம் மக்காமல் நிற்கும் என்கிறார்கள், அது உண்மையும்கூட. பாரிஸில் 1601-ல் நட்டதாகச் சொல்லும் ஒரு ராபினியா இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ராபினியா அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை மரம், குளிரில் இலை உதிர்த்து ஓய்வெடுத்துப் பழகியது, நம் நாட்டில் காஷ்மீர், இமாச்சலம் பக்கம் வளர்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் அதை வைத்து என்ன செய்ய? போதாக்குறைக்கு வேரிலிருந்து கன்று விட்டுப் பரவும், பட்டையும் விதையும் விஷம்.

இத்தனைக்கும் அதன் பங்காளியே நம் வரப்பில் நிற்கிறது: கிளைரிசிடியா, மலையாளத்தில் சீமக்கொன்ன. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பூர்வீகம். தாவரவியலில் இரண்டும் பயறுக் குடும்பத்துக்குள் ஒரே இனக்குழு, அகத்தி கொஞ்சம் தள்ளிய சொந்தம். சந்தேகமிருந்தால் ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். ராபினியாவிலும் கிளைரிசிடியாவிலும் நடுக்காம்பின் நுனியில் தனியாக ஒரு சிற்றிலை இருக்கும், அகத்தியில் ஜோடி ஜோடியாகவே போய் முடிந்துவிடும். ராபினியாவுக்கு மட்டும் இலைக்காம்பின் அடியில் இரட்டை முள். அமெரிக்காவில் லோகஸ்ட் பெயரிலேயே ஹனி லோகஸ்ட் என்று இன்னொரு மரமும் உண்டு. அதில் கிளையே முள்ளாக மாறியிருக்கும், அது வேறு துணைக்குடும்பம், இந்தப் பங்காளிக் கணக்கில் சேராது.

சரி, நடுவதற்கு எது? என் ஓட்டு கிளைரிசிடியாவுக்கு. மணிக்கட்டுப் பருமனில் ஆள் உயரக் கம்பாக வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றினால் போதும், வேர் பிடித்துவிடும், வெட்ட வெட்டத் தழைக்கும். தழையைத் தென்னை வட்டப்பாத்தியில் போட்டால் தழைச்சத்து. கோடையில் இலை கொட்டி இளஞ்சிவப்பாகப் பூக்கும், அப்புறம் காய் முற்றியதும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர வீசும். ஒரே குறை வாசனை. ஆடு முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வாடவைத்துக் கொடுத்தால் மெல்லப் பழகும். குதிரைக்கு மட்டும் போடவே கூடாது.

அகத்தி விதையிலிருந்து மடமடவென்று வளரும், கொடிக்காலில் வெற்றிலைக்கு அதுதான் துணை, அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுக்கவும் கீரை வேண்டுமே. வேலிக்கென்றால் சரிவராது: பலத்த காற்றில் முறியும், ஒட்ட வெட்டிக்கொண்டே இருந்தால் பட்டுப்போகும், ஆயுசும் குறைவு. கிணற்றடியில் நாலு மரம் போதும்.

முள்முருங்கை? அதுவும் பயறு வகைதான், மிளகுக் கொடிக்கு நல்ல தாங்குமரமாகத்தான் இருந்தது. ஆனால் 2004-ல்தான் விஞ்ஞானப் பெயரே பெற்ற ஒரு குட்டிக் குளவி வந்து இலையிலும் காம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்கவைத்து மரத்தையே முடக்கிப்போடுகிறது. புதிதாக நடுபவர்கள் மிளகுக்கும் கிளைரிசிடியாவையே வைக்கலாம், நிழல் அதிகமானால் மழைக்காலத்தில் கிளையைக் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.